சொற்புதிரும் ஆங்கிலக் கல்வியும்

மாலை நேரம். பள்ளி விட்டு வந்த சிறுவர் சிலர் திண்ணையில் கூடியிருக்கின்றனர். "வயிற்றுக்குள் இருக்க வேண்டியவன் வாசலில் தொங்குகிறான், அவன் யார்?" என்று ஒரு சிறுமி வினவுகின்றாள். ஒருவன் "காவற்காரன்" என்கின்றான். மற்றொருவன் "பூட்டு" என்கின்றான். ஆதனக்கோட்டைச் சாலையோரத்தில் முந்திரிப் பருப்பு வறுத்து விற்கும் குடும்பத்துப் பிள்ளை மட்டும் சற்றே சிந்தித்து, "முந்திரிக்கொட்டை" என்று விடையிறுக்கின்றான். பழத்தின் உள்ளே இருக்க வேண்டிய விதை, அதன் வெளியே தொங்குவதை நாள்தோறும் கண்ட கண்களுக்கு அவ்விடை புலப்பட்டதில் வியப்பில்லை.

மறுநாள் காலை அதே சிறுவரை ஆங்கில வகுப்பில் காண்கிறோம். நேற்று மின்னிய கண்கள் இன்று மங்கியிருக்கின்றன. ஒரு பக்கத்தில் ஆங்கிலச் சொல், மறுபக்கத்தில் அதன் பொருள் என வரிசை வரிசையாக எழுதிய ஏட்டை அவர்கள் உரக்கப் படிக்கின்றனர். தேர்வு வரும்வரை அச்சொற்கள் நினைவில் நிற்கின்றன. தேர்வு முடிந்ததும் பறந்து போகின்றன. "எனக்கு ஆங்கிலம் வராது" என்ற முடிவு மட்டுமே மனத்தில் தங்கிவிடுகின்றது. அம்முடிவினால் மேற்படிப்பையே கைவிட எண்ணுவோரும் உண்டு.

திண்ணையில் இருந்த அறிவு வகுப்பறையில் எங்கே போயிற்று? அஃது எங்கும் போகவில்லை. அச்சம் அதனை மூடி மறைத்துவிட்டது. விடுகதையை அவிழ்க்கத் தெரிந்த பிள்ளைக்கு ஆங்கிலச் சொல்லையும் அவிழ்க்கத் தெரியும் என்பது என் கருத்து. சொல்லை மனப்பாடச் சுமையாகக் கொடாமல் புதிராகக் கொடுத்தால், அச்சம் நீங்கும், சொல் தங்கும். இதனையே இக்கட்டுரையில் ஆராய்வோம்.

சொல்லோடு விளையாடுவது தமிழர்க்குப் புதிதன்று. விடுகதையைத் தொல்காப்பியம் 'பிசி' என்ற பெயரால் செய்யுள் வகைகளுள் ஒன்றாகக் கூறுகின்றது. ஒரு தொடர் இரு பொருள்பட நிற்பதைச் சிலேடை என்கிறோம். காளமேகப் புலவர் பாம்பையும் எள்ளையும் ஒரே வெண்பாவில் பொருந்த வைத்துப் பாடினார். முதலிலிருந்து படித்தாலும் இறுதியிலிருந்து படித்தாலும் மாறாமல் வருவது மாலைமாற்று. திருஞானசம்பந்தர் இம்முறையில் ஒரு பதிகமே பாடியுள்ளார். 'விகடகவி' என்னும் சொல்லை இரு புறமிருந்தும் படித்துப் பாருங்கள். மாலைமாற்றின் இயல்பு எளிதில் விளங்கும்.

புதுக்கோட்டை மாவட்டத்துக் குடுமியான்மலைக்குச் சென்றவர், அங்கே பாறையில் பொறித்த இசைக் கல்வெட்டைக் கண்டிருப்பர். ஏறத்தாழ ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்த அக்கல்வெட்டில், ஏழு சுரங்களின் எழுத்துகள் நான்கு நான்காக அடுக்கப்பட்டுள்ளன. ஒரே சுர எழுத்து, உயிரொலி மாறி வெவ்வேறு வடிவம் கொள்கின்றது. அது விளையாட்டுக்காகச் செய்யப்பட்டதன்று. இசை பயில்வோர்க்காகச் செய்யப்பட்டது. ஆயினும் ஓர் உண்மையை அது நமக்கு உணர்த்துகின்றது. எழுத்துகள் சிலவே, அவற்றை மாற்றி அடுக்கும் முறைகளோ பல. அடுக்கு மாறினால் பயனும் மாறும்.

இவ்வுண்மை ஆங்கிலத்துக்கும் பொருந்தும். நம் பிள்ளைகள் தமிழில் ஆடும் ஆட்டம் ஒன்றைக் காண்போம். மூன்றெழுத்துச் சொல் ஒன்று. முதலெழுத்தை நீக்கினால் மண்ணில் முளைக்கும். நடுவெழுத்தை நீக்கினால் பாட்டி சொல்வாள். அஃது என்ன? 'கவிதை' என்பது விடை. முதலெழுத்து நீங்கினால் 'விதை'; நடுவெழுத்து நீங்கினால் 'கதை'. இதே ஆட்டத்தை ஆங்கிலத்தில் ஆடலாம். தட்டைக் குறிக்கும் 'பிளேட்' என்ற சொல்லின் முதலெழுத்தை நீக்கினால், காலம் தாழ்ந்தது எனப் பொருள்படும் 'லேட்' கிடைக்கின்றது. அதன் முதலெழுத்தையும் நீக்கினால், உண்டான் எனப் பொருள்படும் 'ஏட்' எஞ்சுகின்றது. காலந் தாழ்ந்து வந்தவன் தட்டில் உண்டான் என்று மூன்றையும் ஒரு கதையாக்கிவிட்டால், ஒன்றும் மறவாது.

எழுத்தை நீக்காமல் இடம் மாற்றியும் ஆடலாம். கவனித்துக் கேள் எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல் 'லிசன்'. அதன் எழுத்துகள் எல், ஐ, எஸ், டீ, இ, என் என்னும் ஆறு. இவ்வாறு எழுத்துகளையும் மாற்றி மாற்றி அடுக்கினால் 720 அடுக்குகள் வரும். அவற்றுள் பொருள் தருவன விரல்விட்டு எண்ணத்தக்கவையே. அவற்றுள் ஒன்று, அமைதியான எனப் பொருள்படும் 'சைலன்ட்'. கேட்க விரும்புகின்றவன் அமைதியாக இருத்தல் வேண்டும் என்ற அறிவுரையை இவ்விரு சொற்களுமே கூறுவன போல் இல்லையா? மேலும் ஒரு நுட்பம் உண்டு. 'லிசன்' என்ற சொல்லில் டீ என்னும் எழுத்து ஒலிப்பதில்லை. 'சைலன்ட்' என்ற சொல்லில் அதே எழுத்து வாய் திறந்து ஒலிக்கின்றது. இதனை ஒருமுறை ஆடிக் கண்டவன், 'லிசன்' என்று எழுதும்போது அந்த ஊமை எழுத்தை ஒருநாளும் விட்டுவிடமாட்டான்.

நம் பிள்ளைகள் ஆங்கில எழுத்துக்கூட்டலில் இடறுவதன் காரணம் இங்கே விளங்குகின்றது. தமிழில் எழுதிய எழுத்தையெல்லாம் நாம் ஒலிக்கின்றோம். ஆங்கிலமோ எழுத்துக்கும் ஒலிக்கும் இடையே பல இடங்களில் பிணக்குடையது. கத்தியைக் குறிக்கும் 'நைஃப்' என்ற சொல் கே என்னும் எழுத்தில் தொடங்குகின்றது; அந்தக் கே ஒலிப்பதே இல்லை. காதை மட்டும் நம்பி எழுதும் பிள்ளை அதனை விட்டுவிடுகின்றது. குறுக்கெழுத்துப் புதிரிலோ அச்சொல்லுக்கு ஐந்து கட்டங்கள் காத்திருக்கும். கையில் உள்ள எழுத்துகள் போதவில்லை என்பதைக் கட்டமே காட்டிக் கொடுக்கும். ஆசிரியரின் கண்டிப்புக்கு முன்னரே பிள்ளை தன் பிழையைத் தானே கண்டு திருத்திக்கொள்ளும். இதனினும் இனிய திருத்தம் வேறில்லை.

இக்குறுக்கெழுத்துப் புதிரின் வரலாறு நெடியதன்று. 1913ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் நாள், அமெரிக்க நாட்டு 'நியூயார்க் வேர்ல்டு' செய்தித்தாளில் ஆர்தர் வின் என்பவர் அதனை முதன்முதலாக வெளியிட்டார். அவர் இட்ட பெயர் 'வேர்ட் கிராஸ்'. சில வாரங்களில் அச்சில் அப்பெயர் முன்பின்னாக மாறி 'கிராஸ்வேர்ட்' என வந்தது, அதுவே நிலைத்துவிட்டது. சொற்களை மாற்றி அடுக்கும் ஆட்டத்தின் பெயரே மாறி அடுக்கப்பட்டது வேடிக்கையன்றோ! அவ்வாட்டம் கடல் கடந்து பரவியது. 1930களில் ஆனந்த விகடன் முதலிய தமிழ் இதழ்களிலும் குறுக்கெழுத்துப் போட்டிகள் இடம்பெற்றன. இரண்டாம் உலகப் போரின்போது, 1942ஆம் ஆண்டு ஜனவரியில், லண்டன் 'டெய்லி டெலிகிராப்' இதழ் 12 நிமிடங்களுக்குள் ஒரு புதிரை முடிக்கும் போட்டியை நடத்தியது. அதில் கலந்துகொண்டவருட் சிலர், பகைவரின் மறைமொழிகளை அவிழ்க்கும் பணிக்குப் பின்னர் அழைக்கப்பட்டனர். விளையாட்டிற் பெற்ற கூர்மை நாட்டுக்கே பயன்பட்டது.

'ஸ்கிராபிள்' என்னும் எழுத்துப் பலகை ஆட்டம் தோன்றிய கதையும் அறியத்தக்கது. 1930களின் பொருளாதார நெருக்கடியில் வேலையிழந்த கட்டடக் கலைஞர் ஆல்பிரட் பட்ஸ், செய்தித்தாளை எடுத்து, எந்த எழுத்து எத்தனை முறை வருகின்றது என்று பொறுமையாக எண்ணினார். மிகுதியாக வந்த எழுத்து இ. ஆகவே அவ்வாட்டத்தின் 100 சில்லுகளுள் 12 சில்லுகளை அதற்குக் கொடுத்தார். அரிதாக வரும் கியூ, இசட் ஆகிய எழுத்துகளுக்கு ஒவ்வொரு சில்லே கொடுத்து, அவற்றின் மதிப்பைப் பத்துப் புள்ளியாக உயர்த்தினார். வேலையற்ற காலத்திலும் அறிவு வேலையின்றி இருக்கவில்லை.

தமிழ்க் கட்டத்துக்கும் ஆங்கிலக் கட்டத்துக்கும் உள்ள வேறுபாட்டையும் நாம் உணர்தல் வேண்டும். 'புதுக்கோட்டை' என்று தமிழில் எழுத ஆறு கட்டங்கள் போதும்; ஆங்கிலத்தில் எழுதப் பதினொரு கட்டங்கள் வேண்டும். நம் உயிர்மெய் எழுத்து, மெய்யையும் உயிரையும் ஒரே கட்டத்தில் அடக்கிக்கொள்கின்றது. ஆங்கிலமோ இரண்டையும் தனித்தனியே நிறுத்துகின்றது. 247 எழுத்துகளைக் கற்றுத் தேர்ந்த பிள்ளை 26 எழுத்துகளைக் கண்டு அஞ்சுவானேன்? அவை நிற்கும் முறை வேறு என்று அறிந்துகொண்டால் போதும்.

சொற்களின் பொருளையும் இவ்வாறே புதிராக்கலாம். "வெள்ளாற்றுக்கு இரண்டு உண்டு, உழவர் கடன் கேட்டுச் செல்லும் இடமும் அதுவே, ஆங்கிலத்தில் நான்கு எழுத்து" என்று கேட்டால், 'பேங்க்' என்பது விடை. ஆற்றின் கரைக்கும் வங்கிக்கும் ஆங்கிலத்தில் அஃதொன்றே சொல். காளமேகத்தின் சிலேடையைச் சுவைத்தவர்க்கு இது கைவந்த கலையாகும். "முன்னிருந்து படித்தாலும் உச்சிவேளை, பின்னிருந்து படித்தாலும் உச்சிவேளை" என்று கேட்டால், 'நூன்' என்பது விடை. நம் மாலைமாற்றே அங்கும் நிற்கின்றது.

இன்னொன்று: "கோட்டைப்பட்டினத்து மீனவர் நன்கறிந்த கலம்; ஆங்கிலத்தில் ஒன்பது எழுத்து; ஒன்றுவிட்டு ஒன்றாக ஏ என்னும் எழுத்தே நான்கு முறை வரும்." விடை 'கேட்டமரான்'. இது நம் கட்டுமரமே. நம் கடற்கரையிலிருந்து ஆங்கில அகராதிக்குள் ஏறிச் சென்ற சொல் அது. சுருட்டு 'செரூட்' ஆயிற்று. மிளகுத்தண்ணீர் 'மல்லிகடானி' ஆயிற்று. ஆங்கில அகராதியில் நம் வீட்டுப் பிள்ளைகளும் குடியிருக்கின்றனர் என்று கண்ட மாணவன், அவ்வகராதியை அயலான் கோட்டையாக எண்ணி அஞ்சமாட்டான்.

நன்னூல் கற்பிக்கும் பகுதி, விகுதி முறையும் இங்கே துணை செய்யும். 'போர்ட்' என்ற வேர், சுமத்தல் எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. உள்ளே சுமந்து வருவது 'இம்போர்ட்'; வெளியே சுமந்து செல்வது 'எக்ஸ்போர்ட்'; ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குச் சுமப்பது 'டிரான்ஸ்போர்ட்'; சுமப்பவர் 'போர்ட்டர்'. பகுபதத்தைப் பிரித்துப் பழகிய மாணவன் இவற்றையும் பிரித்துக் காணலாம். நான்கு சொற்களை நான்கு சுமைகளாகச் சுமப்பதினும், ஒரு வேரைப் பற்றி நான்கு கிளைகளை எட்டுவது எளிதன்றோ?

புதுக்கோட்டை மண் சிறுவர்க்கான எழுத்தில் பெருமை பெற்ற மண். குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா இம்மாவட்டத்து இராயவரத்தில் 1922ஆம் ஆண்டு பிறந்தவர். 1940களின் இறுதியிலும் 1950களிலும் புதுக்கோட்டையிலிருந்து சிறுவர் இதழ்கள் பல வெளிவந்தன. கதையும் பாட்டும் புதிரும் விடுகதையும் பிள்ளைகளைத் தேடிச் சென்றன. கற்பதில் களிப்பு வேண்டும் என்பதை அவற்றை நடத்தியோர் அறிந்திருந்தனர்.

பிற்காலத்தில், 1990களின் தொடக்கத்தில், இம்மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடைபெற்றது. கல்லுடைக்கும் பெண்களும் வயலில் உழைக்கும் பெண்களும் எழுத்துக் கற்றதோடு மிதிவண்டி ஓட்டவும் கற்றனர். மிதிவண்டியை ஏட்டைப் பார்த்துக் கற்றவர் எவருமிலர். ஏறி, விழுந்து, சிரித்து, மீண்டும் ஏறியே கற்றனர். மொழியும் அத்தகையதே. தவறினால் சிரித்துக்கொண்டு மீண்டும் முயல இடந்தருவது விளையாட்டு. தவறினால் தலை குனிய வைப்பது வெறும் மனப்பாடம்.

ஆயினும் இரண்டு எச்சரிக்கைகளை நாம் மறத்தலாகாது. முதலாவது, பொருளாசை. பெங்களூரிலிருந்து வெளிவந்த ஆங்கில வார இதழ் ஒன்று முன்னாளில் நுழைவுக் கட்டணம் பெற்றுக்கொண்டு குறுக்கெழுத்துப் பரிசுப் போட்டிகளை நடத்தியது. ஒரே குறிப்புக்கு இரண்டு சொற்கள் பொருந்தும்போது, நடத்துவோர் முன்னரே எழுதி வைத்த சொல்லே சரியென்றால், அங்கே அறிவுக்கு வேலை ஏது? அது குருட்டாட்டமே. 1955ஆம் ஆண்டு நாடாளுமன்றம் பரிசுப் போட்டிச் சட்டத்தை இயற்றி, மாதத்துக்கு 1000 ரூபாய்க்கு மேற்பட்ட பரிசுடைய அத்தகைய போட்டிகளைத் தடுத்தது. வழக்கு உச்சநீதிமன்றம் சென்றது. திறமையே பெரிதும் வெற்றி தரும் போட்டி வேறு, சூதின் தன்மையுடைய போட்டி வேறு என்று 1957ஆம் ஆண்டு நீதிமன்றம் பிரித்துக் காட்டியது. அன்று அச்சுத்தாளில் வந்த ஆசை, பின்னர்க் கைப்பேசித் திரையிலும் வந்தது. புதிரின் பரிசு, விடை கண்ட மகிழ்ச்சியே. 2021ஆம் ஆண்டு ஜோஷ் வார்டில் என்பவர் வெளியிட்ட 'வேர்டில்' என்னும் ஐந்தெழுத்துப் புதிர் உலகெங்கும் பரவியது. நாளுக்கு ஒரு சொல், ஆறு வாய்ப்பு. காசு பரிசு ஏதுமில்லை. காசின்றியும் மக்கள் சொல்லை நாடுவர் என்பதற்கு அது சான்றன்றோ?

இரண்டாவது எச்சரிக்கை இன்னும் நுட்பமானது. நியூசிலாந்து நாட்டு நைஜல் ரிச்சர்ட்ஸ் என்பவர் 2015ஆம் ஆண்டு பிரெஞ்சு மொழி ஸ்கிராபிள் உலகப் போட்டியில் வென்றார். அவர் பிரெஞ்சு மொழி பேச அறியாதவர். சொற்பட்டியலை நினைவில் ஏற்றிக்கொண்டு ஆடினார். 2024ஆம் ஆண்டு ஸ்பானிய மொழிப் போட்டியிலும் இவ்வாறே வென்றார். அவருடைய நினைவாற்றல் வியக்கத்தக்கது. ஆனால், மொழி கற்க விழையும் நமக்கு அது போதாது. ஆயிரம் சொற்களின் எழுத்தை அறிந்தும், தாகத்துக்கு நீர் கேட்க ஒரு வாக்கியம் வாராதாயின் பயன் என்ன? ஆகவே, கட்டத்தில் நிரப்பிய சொல்லைக் கட்டத்திலேயே விட்டுவிடலாகாது. அதனை எடுத்து ஒரு வாக்கியத்தில் அமர்த்துதல் வேண்டும். அப்போதுதான் ஆட்டம் முடிந்ததாகக் கொள்ளல் வேண்டும்.

"ஆங்கிலத்துக்கு இவ்வளவு இடங்கொடுத்தால் தமிழ் மெலியாதோ?" எனச் சிலர் வினவலாம். புதிரின் குறிப்பைத் தமிழில் எழுதுங்கள். விடையை ஆங்கிலத்தில் கேளுங்கள். நல்ல குறிப்பு எழுதுவது எளிதன்று. மிகச் சொன்னால் புதிர் வெளிப்பட்டுவிடும். குறையச் சொன்னால் விளங்காது. தவறாகச் சொன்னால் நண்பர் ஒப்பார். சுருங்கச் சொல்லி விளங்க வைக்கும் தமிழ் அங்கே பிறக்கும். விடை காண்பவன் ஆங்கிலச் சொல்லை அறிவான். குறிப்பை எழுதுபவன் இரு மொழியையும் அறிவான். இவ்வாறு ஆடும் ஆட்டத்தில் தமிழ் மெலிவதில்லை. அது கூர்மை அடைகின்றது.

இதற்குப் பெருஞ்செலவு வேண்டுவதில்லை. கட்டமிட்ட தாள் ஒன்றும் எழுதுகோல் ஒன்றும் போதும். வகுப்பின் கரும்பலகை மூலையில் நாளுக்கு ஒரு புதிரை எழுதலாம். இன்று ஒரு மாணவன் எழுதினால், நாளை ஒரு மாணவி எழுதட்டும். பழைய செய்தித்தாளில் எழுத்துகளை எண்ணிப் பார்க்கலாம். தாள் அட்டையை வெட்டிச் சில்லுகள் செய்யலாம். அகராதியைத் திறந்து பார்ப்பதைத் தோல்வியாகக் கருதாதீர்கள். ஒரு சொல்லைத் தேடும்போது அதன் அண்டைவீட்டுச் சொற்கள் நான்கும் அறிமுகமாகும்.

மாணவர்களே! ஆங்கிலச் சொல் உங்களை அச்சுறுத்த வந்த அரக்கனன்று. அது விடையைத் தனக்குள் ஒளித்து வைத்துக்கொண்டு உங்கள் திண்ணைக்கு வந்திருக்கும் ஒரு விடுகதை. முந்திரிக்கொட்டையைக் கண்டுபிடித்த அதே கண்களால் அதனைப் பாருங்கள். முதலில் விடை தவறலாம். பூட்டு என்றும் காவற்காரன் என்றும் சொன்னவர்கள் அன்று திண்ணையை விட்டு ஓடிவிடவில்லை. அடுத்த விடுகதைக்குக் காத்திருந்தார்கள். நீங்களும் அவ்வாறே காத்திருங்கள், கேளுங்கள், தேடுங்கள். அவிழ்த்த சொல் உங்களுடையதாகும்.